சுண்டக்கோம்பையின் பயணிகள் பெட்டி

ரயிலில் இடம் பிடிப்பவர் மனிதர் என்றொரு நம்பிக்கை நம் மக்களிடையே நெடுங்காலமாக வேரூன்றியிருக்கிறது. இது பிழை. இதைத் திருத்தாமல் மேலே செல்வது வாசகருக்கும் இருப்புப்பாதைக்கும் செய்யும் துரோகம். இடம் பிடிப்பது துண்டு. வண்டி நிற்பதற்கு முன்பே சன்னல் கம்பிகளுக்கு இடையே கையை விட்டு ஒருவர் ஒரு துண்டை, துண்டில்லாதவர் ஒரு கைக்குட்டையை, அதுவும் இல்லாதவர் ஒற்றைச் செருப்பை இருக்கையில் போட்ட கணத்திலிருந்து அந்த இருக்கை அவருடையது. கதவு வழியாக முண்டியடித்து அவர் வந்து சேரும்வரை பயில்வான்கள்கூட அருகே நின்று அந்தத் துணியைப் பார்த்துக்கொண்டிருப்பார்களே ஒழிய அதன்மேல் உட்கார மாட்டார்கள். எந்தச் சட்டப் புத்தகத்திலும் இந்த உரிமை எழுதப்படவில்லை. எழுதப்பட்ட சட்டங்கள் எதற்கும் இவ்வளவு மரியாதை கிடைத்ததுமில்லை.

துண்டு போடுவதற்கு ஒரு ரயிலாவது வேண்டும் என்பது இரண்டாவது நம்பிக்கை. அது முதலாவதைவிடப் பரவலானது, ஆகவே முதலாவதைவிடத் தவறானது. எங்கள் சுண்டக்கோம்பைக்கு ரயில் கிடையாது. மலையடிவாரமாகப் பாதை வரப்போகிறது என்று சொல்லி அவ்வப்போது ஆட்கள் வந்து அளவுக்கல் நட்டுவிட்டுப் போவார்கள். நாங்கள் அந்தக் கற்களில் ஆடு கட்டுவோம். கயிறு உரசிக் கல் தேய்ந்ததும் மறுபடி வந்து புதுக்கல் நடுவார்கள். ஊரில் இருந்த ஒரே ரயில், பல் டாக்டர் தேவசேனாதிபதியின் கிளினிக்குக்கு மேலே, மாடி அறையை அடைத்துக்கொண்டு கிடந்த பெரிய மேசையின்மேல் ஓடியது.

அதைப் பொம்மை ரயில் என்று யாராவது சொன்னால், "பொம்மை இல்லீங்க, மாதிரி" என்று டாக்டர் திருத்துவார்; அவர் திருத்தும் நேரத்தில் நம் வாய்க்குள் ஏதாவது ஓர் இயந்திரம் சுழன்றுகொண்டிருக்கும் என்பதால் எதிர்வாதம் எழுந்ததில்லை. பல் அச்செடுக்கும் மாவைக் குழைத்து மலை கட்டியிருந்தார், மலைக்குள் ஒரு குகை குடைந்திருந்தார், பழைய பல் துலக்கிகளைப் பச்சைச் சாயத்தில் தோய்த்துச் சரிவெங்கும் காடு நட்டிருந்தார், காட்டின் காலடியில் தண்டவாளங்கள் கிளைகிளையாகப் பிரிந்து கிடக்கும் கூட்ஸ் யார்டு ஒன்றையும் விரித்திருந்தார். அதில் நின்றவை எல்லாம் சரக்கு வேகன்கள். பயணிகள் வண்டி என்பது ரயிலுக்கு நேர்ந்த விபத்து என்பது அவருடைய கட்சி. பயணி கூச்சலிடுவான், எச்சில் துப்புவான், சங்கிலியை இழுப்பான், நிலக்கரி அப்படியெல்லாம் செய்வதில்லை. வேகனைத் தேர்ந்தெடுப்பதிலும் அவருக்கு ஒரு சித்தாந்தம் இருந்தது. ஆசைப்பட்டு வாங்கக் கூடாது, வளைவைக் கேட்டுவிட்டு வாங்க வேண்டும்; மேசையின் மூலையில் பாதை சட்டென்று திரும்பும் இடத்தில் நீளப் பெட்டி இடுப்பைத் தள்ளிக்கொண்டு தடம்புரளும், குட்டை வேகன் குனிந்து போய்விடும். அடுத்து, கொக்கி முன்னால் நிற்பதன் கொக்கியோடு பொருந்த வேண்டும். கடைசியாக, ஒவ்வொரு வேகனும் எதையாவது ஏற்றிக்கொண்டு எங்கிருந்தாவது எங்காவது போய்க்கொண்டிருக்க வேண்டும், சும்மா ஓடுகிற வேகன் பொய் சொல்கிற வேகன். ஆகவே எண்ணெய் வேகனில் எண்ணெய் இருந்தது, மூடிய வேகனில் அரிசி இருந்தது, திறந்த வேகன்களில் சுண்ணாம்புக்கல் குவிந்திருந்தது. சுண்ணாம்புக்கல் என்று நான் சொல்வது தூரத்திலிருந்து பார்த்ததை. கிட்டே போனால் அவை டாக்டர் பிடுங்கிய ஊராரின் கடைவாய்ப் பற்கள்.

அவர் மனைவி மங்கையர்க்கரசி பெண்கள் பள்ளியில் புவியியல் ஆசிரியை. நாட்டின் இருப்புப்பாதைப் படத்தைக் கரும்பலகையில் கண்ணை மூடிக்கொண்டு வரையக்கூடிய அந்த அம்மாள், ரயிலில் போன அதிகபட்ச தூரம் ஈரோட்டிலிருந்து கோயம்புத்தூர், அதுவும் ஒரு கல்யாணத்துக்கு, அதுவும் நடைபாதைப் பக்கத்து இருக்கையில். வடக்கே இடார்சி ஜங்ஷன் தாண்டியதும் வரும் பாலத்தில், சன்னலோரம் உட்கார்ந்து நர்மதையைப் பார்க்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. பார்க்கலாம் என்று ஒவ்வொரு கோடையிலும் டாக்டர் சொல்வார். கோடை வந்ததும் வெயில் ஜாஸ்தி என்பார், கூட்டம் ஜாஸ்தி என்பார், பாதி வேலை நடந்த பற்களை யாரிடம் விட்டுப்போவது என்பார், பிறகு மனம் கேட்காமல் ஒரு வேகன் வாங்கி வருவார். இப்படியாக நர்மதை கொஞ்சம் கொஞ்சமாக, வேகன் வேகனாக, அந்த வீட்டு மாடியில் வந்து சேர்ந்தது.

அந்த வருடக் கல்யாண நாளுக்கு டாக்டர் தன் கட்சியை விட்டுக்கொடுத்து ஒரு பயணிகள் பெட்டி வாங்கினார். முன்பதிவில்லாத பெட்டி, பழைய பாணி, வளைவைக் கேட்டுவிட்டு வாங்கிய குட்டைப் பெட்டி.

"உனக்குத்தான் அரசி. சன்னலெல்லாம் தொறக்கும் பாரு."

அரசி பெட்டியை உள்ளங்கையில் வைத்து, கூரையைக் கழற்றி, மர இருக்கைகளைப் பார்த்தார். "இதுல ஏறி நான் எங்கீங்க போறது?"

"சுத்தி வரலாம்."

"அதைத்தானுங்களே கல்யாணம் ஆனதுல இருந்து பண்ணிட்டிருக்கறேன்."

பெட்டியை மேசைமேல் வைத்துவிட்டு அவர் விடைத்தாள் திருத்தப் போனார். சன்னல்களை மூட இருவருக்குமே தோன்றவில்லை.

சில நாட்களுக்குப் பிறகு ஒரு காலையில், கிளினிக்கைப் பார்த்துக்கொள்ளும் நர்ஸ் ரெஜினா மாடியில் தூசி தட்டிக்கொண்டிருந்தவர், படியில் எட்டிப்பார்த்து, "டாக்டரே, பெட்டிக்குள்ள பூச்சி கூடு கட்டியிருக்குதுங்க" என்றார். டாக்டர் பல்லைப் பெரிதாக்கிப் பார்க்கக் கண்ணில் மாட்டும் கண்ணாடியோடு மேலே போனார். சன்னலோர இருக்கை ஒன்றில் நகக்கண் அளவுக்கு ஒரு துண்டு கிடந்தது. வெள்ளைத் துண்டு, பச்சைக் கரை. மூலையில் சலவைக்காரர் போடும் குறி, ஒரு பெருக்கல் அடையாளமும் இரண்டு புள்ளிகளும், மையின் கசிவோடு தெளிவாகத் தெரிந்தன. அந்தக் குறி எதிர்ச்சாரியில் டீக்கடை வைத்திருக்கும் காளியண்ணனுடையது என்று சலவைக் கடையில் சொன்னார்கள். காளியண்ணனின் துண்டு கொடியிலிருந்து காணாமல் போயிருந்தது. விடிந்ததிலிருந்து அவரால் எதன்மேலும் உட்கார முடியவில்லை. உட்காருவார், எங்கேயோ வண்டி ஊதிவிட்டது போல நெஞ்சுக்குள் ஒன்று பறக்கும், எழுந்துவிடுவார்.

காளியண்ணன் மாடிக்கு வந்து கண்ணாடி வழியாகப் பார்த்ததும், "என்ற துண்டுதானுங்க. பீடி சுட்ட ஓட்டைகூட இருக்குது பாருங்க" என்றார்.

"இது எப்படி இதுக்குள்ள போச்சு காளியண்ணா?"

"சன்னல் தொறந்திருந்துதில்லீங்க?" என்றார் காளியண்ணன், டாக்டரின் படிப்பைப் பற்றி முதல்முறையாகச் சந்தேகம் வந்தவர் போல.

அந்த வாரத்துக்குள் பெட்டி நிறைந்தது. ஈரிழைத் துண்டுகள், பூப்போட்ட கைக்குட்டைகள், ஒரு கிழிந்த பனியன், நாட்டு ஓடு வேய்கிறவர் ஒருவரின் இடது செருப்பு. ஒவ்வொன்றும் அரிசிமணி, உளுந்து அளவில், ஒவ்வொன்றும் தன் இருக்கையின் நடுவே மடிப்புக் கலையாமல். இடம் கிடைத்தவர்கள் ஊரில் நின்றார்கள். காளியண்ணன் கடை பெஞ்சுகள் உள்ளே போயின, கிளாஸ் வைக்க நெஞ்சுயரத்தில் பலகை அடித்தார்கள். சலூன்காரர் ஒரு முக்காலிமேல் ஏறிக்கொண்டு நிற்பவர்களின் தலையைக் கத்தரித்தார். தையல்காரர் மிஷினைச் செங்கல் வைத்து உயர்த்தி ஒற்றைக் காலால் மிதித்தார். ஒரு முகூர்த்தத்தில் மாப்பிள்ளை நின்றே தாலி கட்டினார், பெண் நின்றே கழுத்தைக் கொடுத்தாள். நின்று கட்டினாலும் செல்லும் என்பதற்குப் புரோகிதர் ஒரு சுலோகம் சொன்னார், அதை அவர் அன்று காலையில்தான் இயற்றினார் என்று சிலர் சொல்வதுண்டு என்றாலும் அதன் யாப்பில் குறையில்லை. பேரூராட்சிக் கூட்டங்கள் டீ ஆறுவதற்குள் முடிந்து, ஊருக்குத் தெருவிளக்கு எரியத் தொடங்கியது. டாக்டரின் பல் நாற்காலியில் தூசி படிந்தது. அவர் நோயாளியைச் சுவரோடு சாய்த்து நிறுத்தி, அண்ணாந்த வாய்க்குள் ஸ்டூலின்மேல் நின்று எட்டிப்பார்த்தார்.

காரணம் என்ன என்று யாரும் அதிகம் அலட்டிக்கொள்ளவில்லை. காளியண்ணன் மட்டும் ஒன்று சொன்னார்: "என்ற கடவாய்ப்பல்லு ரெண்டும் அந்த வண்டீல எப்பவோ ஏறிப் போயிட்டிருக்குதுங்க. பல்லு போற ஊருக்கு வாய் போக வேண்டாமா?" இதை ஊர் நெடுநாள் நம்பியது. இது ஏன் தவறு என்பது பின்னால் தெரியவரும்.

அதைவிட முக்கியமானது, இடம் இல்லாதவர்களின் நிலை. உட்கார முடிந்தவர்கள் வெட்கப்பட்டார்கள். வீட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தார்கள், தெருவில் கெண்டைக்கால் கடுக்க நின்றார்கள். வரன் கேட்டு வந்தவர்கள் படிப்பையும் நிலத்தையும் விசாரித்துவிட்டுக் குரலைத் தாழ்த்தி, "பையன் நிக்கிறானுங்களா?" என்றார்கள். ரயிலே இல்லாத ஊரில் ரயிலில் இடம் என்பது அப்படியொரு மதிப்பைப் பெற்றது, ரயில் உள்ள ஊர்க்காரர்களுக்கு அது புரியாது.

முதலில் பொறுமை இழந்தவரும் காளியண்ணன்தான். ஒரு நாள் பஸ் பிடித்து ஈரோடு ஜங்ஷனுக்குப் போய், எதிரே வந்த வடக்கத்தி வண்டியில் முன்பதிவில்லாத பெட்டிக்குள் ஏறினார். காலூன்ற இடமில்லை. ஆனால் சன்னலோரம் ஓர் இருக்கை காலியாக இருந்தது. அதன்மேல் பச்சைக் கரைத் துண்டு, இப்போது முழு அளவில், பீடி ஓட்டையோடு விரிந்திருந்தது, சுற்றிலும் ஆட்கள் அதைப் பார்த்தபடி மரியாதையாக நின்றார்கள். காளியண்ணன் உட்கார்ந்தார். அத்தனை நாள் நின்ற கால்கள் ஒருமுறை விம்மி அடங்கின. விஜயவாடாவில் இறங்கி, சாப்பிட்டு, காரம் என்று சொல்லி, திரும்பி வந்தார். கடைக்குள் கிடந்த பெஞ்சை வெளியே இழுத்துப் போட்டு எல்லோர் எதிரிலும் அமர்ந்தார். மாடியில் அவருடைய குட்டித் துண்டு போய்விட்டிருந்தது.

இதைக் கண்டு ஊர் அவரைப் பின்பற்றியிருக்கும் என்று நினைப்பவர்கள் ஊரை அறியாதவர்கள். "இருந்த எடத்தத் தொலச்சுட்டு வந்து உக்காந்திருக்கறான் பாரு" என்றார் அரிசி ஆலை அர்த்தனாரி, ஆலை வாசலில் நின்றபடி. அர்த்தனாரியின் துண்டு காளியண்ணன் இடத்துக்கு அடுத்த இருக்கையில் இருந்தது. "எடம் இருக்கறவன் எதுக்கப்பா போகோணும்? எடம் இல்லாதவன்தான் அலையோணும்." இது ஊருக்குச் சரியென்று பட்டது. அவரவர் இடத்தை அவரவர் வைத்துக்கொண்டு, எங்கும் போகாமல், எதிலும் அமராமல், தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடந்து திரும்பினார்கள்.

காளியண்ணன் விட்ட சன்னலோரம் மறுநாளே நிரம்பியது.

அன்று மதியம் டாக்டர் சாப்பிட உட்கார்ந்தபோது அரசி தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு சமையலறை நிலைப்படியில் நின்று சாப்பிட்டார்.

"ஏன் நிக்கிற?"

"சும்மாதானுங்க."

"உக்காரு."

"உக்காந்தாச் சாப்பாடு எறங்க மாட்டீங்குதுங்க."

டாக்டர் கைகழுவாமல் மாடிக்கு ஓடினார். சன்னலோர இருக்கையில் ஒரு வெள்ளைக் கைக்குட்டை; ஓரத்தில், பாடம் நடத்தாத பாடவேளைகளில் அரசி போடும் நீலத் தையல். அரசிக்கு முப்பத்திரண்டு பற்களும் வாயிலேயே இருந்தன; அந்த வேகன்களில் அவருடையது ஒன்றும் கிடையாது. காளியண்ணனின் கொள்கை விழுந்தது இந்த இடத்தில்தான், ஆனால் டாக்டர் அப்போது கொள்கைகளைப் பற்றி யோசிக்கும் நிலையில் இல்லை. கீழே இறங்கி வந்தார்.

"இந்த லீவுல போறனுங்க," என்றார் அரசி. "இடார்சி வழியா."

"நானு?"

"உங்களுக்கு எடம் இல்லீங்களே. பக்கத்துல அர்த்தனாரி அண்ணன் துண்டு கெடக்குது."

டாக்டர் சாம்பார்க் கிண்ணத்தை மூடினார். "திரும்பி வருவியல்லோ?"

"அது நர்மதையைப் பாத்தாத்தானுங்க தெரியும்," என்றார் அரசி. அதில் கோபமே இல்லை. மழை வருமா என்று கேட்டவருக்குப் பதில் சொல்வது போல உண்மையான யோசனையோடு அவர் அதைச் சொன்னார்.

மறுநாள் அரசி பள்ளிக்குப் போனதும் டாக்டர் மாடிக்குப் போய், யாரிடமும் சொல்லாமல், பயணிகள் பெட்டியின் கொக்கியைக் கழற்றி, தண்டவாளத்திலிருந்து தூக்கி, அது வந்த அட்டைப்பெட்டிக்குள் வைத்து மூடினார். காலியான இடத்தில் ஒரு மூடிய வேகனைக் கோத்தார். கொக்கி பொருந்தியது, வளைவும் மறுக்கவில்லை, சரக்கு வண்டி முன்போல நிம்மதியாகக் குகைக்குள் போய் நிம்மதியாக வெளியே வந்தது.

ஊர் உட்கார்ந்தது. நின்ற இடத்தில், நடந்த இடத்தில், சந்தையில், கோயில் படியில், பாதி தாண்டிய தார்ச்சாலையில், கைப்பொருள் கையிலிருக்க எல்லோரும் உட்கார்ந்தார்கள். களைத்தவர்கள் உட்காருவது போல இல்லை. ஓடிவந்து, வண்டியின் கடைசிப் பெட்டி பிளாட்பாரத்தைத் தாண்டுவதைப் பார்த்துவிட்டு, மூட்டையின்மேல் உட்காருகிறவர்கள் போல. லாரிகள் ஹாரன் அடித்தன, யாரும் திரும்பவில்லை. அர்த்தனாரி ஆலைக்குள் தவிட்டின்மேல் உட்கார்ந்து தவிட்டையே பார்த்தார்.

ரெஜினா ஓடிவந்து, "டாக்டரே, டீச்சரம்மா பள்ளிக்கூடத்துல…" என்று தொடங்கியபோதே டாக்டர் படியிறங்கிவிட்டார். வகுப்பில் மாணவிகள் எல்லோரும் எழுந்து நின்றார்கள். கரும்பலகைக்குக் கீழே, தரையில், சுவரில் சாய்ந்து அரசி உட்கார்ந்திருந்தார். பலகையில் தெற்கிலிருந்து ஏறிவந்த இருப்புப்பாதை நாக்பூரில் நின்றிருந்தது. சாக்பீஸ் இன்னும் விரல்களில் இருந்தது.

"அரசி, எந்திரி."

அரசி அவரைப் பார்த்தார். அந்தப் பார்வையில் அவர் யாரென்று தெரிந்திருந்தது, அதற்குமேல் ஒன்றும் இல்லை.

"எதுக்குங்க?" என்றார்.

தன் மனைவி உட்கார வேண்டும் என்றுதான் டாக்டர் ஆசைப்பட்டார், அரசியும் உட்கார்ந்திருந்தார். உட்கார்ந்திருக்கும் அரசியை அவர் இத்தனை வருடங்களாக வீட்டில் பார்த்துக்கொண்டுதான் இருந்தார் என்பதும், அந்த முகத்தில் இதே சாயல் கொஞ்சம் இருந்தது என்பதும், பள்ளிக்கும் கிளினிக்குக்கும் இடைப்பட்ட தெருவில், தரையில் கிடந்த ஊரைத் தாண்டித் தாண்டி ஓடும்போது அவருக்குத் தெரிந்தது. வேகனைப் பிடுங்கி எறிந்தார். பெட்டியைத் திரும்பத் தண்டவாளத்தில் ஏற்றினார். ஊர் எழுந்து, பின்பக்கம் தட்டிக்கொண்டு, விட்ட பேச்சைத் தொடர்ந்தது. பள்ளியில் சாக்பீஸ் நாக்பூரிலிருந்து கிளம்பி இடார்சியைத் தாண்டியது.

மாலையில் அரசி கேட்டார்: "பெட்டியை எடுத்தீங்களா?"

"எடுத்தேன்."

"எடுக்கறதுக்கு முன்னாடி வளைவக் கேட்டீங்களா?"

டாக்டர் செருப்பைப் போட்டுக்கொண்டு அர்த்தனாரியின் ஆலைக்குப் போனார்.

"அந்த ஒரு எடத்த எனக்கு விட்டுக்குடுங்க அர்த்தனாரி. சம்சாரத்தோட போகோணும்."

"டாக்டரே, என்ற பல்லு அத்தனையும் வேணும்னாப் புடுங்கிக்கங்க. வலிச்சாலும் வாயத் தொறக்க மாட்டேன்."

"நீங்க எங்கியும் போகப் போறதில்லியே!"

"போறவன் விடுவானுங்க. போகாதவன் எதுக்கு விடோணும்?" என்றார் அர்த்தனாரி. "புடிச்ச எடத்த உட்டதா எங்க வம்சத்துலயே இல்லீங்க. நீங்க இன்னொரு பெட்டி சேருங்களேன்."

இன்னொரு பெட்டி. சொல்வது எளிது. குட்டைப் பெட்டி இப்போது எங்கும் விற்பனைக்கு இல்லை. வருவதெல்லாம் நீளப் பெட்டி, அது அந்த வளைவில் திரும்பாது. வளைவை அகலப்படுத்தினால் பாதை நேராகக் கூட்ஸ் யார்டுக்குள் புகும். யார்டை எடுத்தால் வேகன்களை நிறுத்த இடமில்லை. அர்த்தனாரி தவிட்டைக் கையில் அள்ளி வாசம் பார்த்துக்கொண்டிருக்க, டாக்டர் திரும்பி நடந்தார். வீடு வந்து சேர்வதற்குள் யார்டை மனதுக்குள் எடுத்துவிட்டிருந்தார்.

அடுத்து, எந்தப் பெட்டி என்பது. கோயம்புத்தூர்க் கடையில் இரண்டு எடுத்துக் காட்டினார்கள். ஒன்று ஏ.சி. பெட்டி, மெத்தை இருக்கை, திரைச்சீலைகூட வைத்திருந்தார்கள். அரசியோடு போவதானால் இப்படித்தான் போக வேண்டும் என்று டாக்டருக்குத் தோன்றியது, கையில் எடுத்தும்விட்டார். அப்புறம் சன்னலைப் பார்த்தார். ஏ.சி. பெட்டியின் சன்னல் திறக்காது. திறக்காத சன்னல் வழியாக எந்தத் துண்டும் உள்ளே வராது. அந்த வகுப்பில் போகிறவர்களுக்கு இடம் இருக்கும், இடம் பிடித்தவர்கள் என்று அவர்களைச் சொல்ல முடியாது. அதை வைத்துவிட்டு, கம்பி சன்னல் வைத்த முன்பதிவில்லாத நீளப் பெட்டியைக் கட்டச் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை காலை தொடங்கினார். சேதி தெரிந்து ஊர் மாடிப்படியிலும் தெருவிலும் நின்றது. தண்டவாளக் கிளைகளை ஒவ்வொன்றாகப் பெயர்த்தார். எண்ணெய் வேகன் போயிற்று, அரிசி வேகன் போயிற்று, சுண்ணாம்புக்கல் வேகன்களைத் தட்டில் கவிழ்த்தபோது தங்கள் பல்லைத் தேடி எடுத்துக்கொள்ளச் சிலர் வந்தார்கள், சலவைக்குறி இல்லாததால் எது யாருடையது என்று தெரியாமல் திரும்பினார்கள். அகன்ற வளைவைப் பதித்தார். நீளப் பெட்டியைக் கோத்து ஓட்டிப்பார்த்தபோது அதன் மூலை மலையில் உரசியது. ரெஜினா கீழேயிருந்து பல் குடையும் இயந்திரத்தைத் தூக்கிவந்தார், டாக்டர் சொத்தைப் பல்லைக் குடைவது போல மலையின் விலாவைக் குடைந்தார், வெள்ளைத் தூள் எல்லோர் தலையிலும் படிந்தது. "வலிக்குதான்னு கேளுங்க டாக்டரே" என்று படியிலிருந்து யாரோ சொன்னார்கள். வண்டி ஓடியது. இரண்டு பயணிகள் பெட்டிகளும், கடைசியில் மனசு வராமல் விட்டுவைத்த ஒரே ஒரு மூடிய வேகனும், வளைவில் இடுப்பை ஒடுக்கிக்கொண்டு திரும்பி, குகைக்குள் போய், வெளியே வந்தன.

வெளியே வந்தபோது புதுப் பெட்டி நிறைந்திருந்தது. தெருவில் அதுவரை திருட்டுத்தனமாக உட்கார்ந்தெழுந்தவர்களெல்லாம் உண்மையாகவே நின்றார்கள், ஒருவரையொருவர் வாழ்த்திக்கொண்டார்கள். டாக்டர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு இருக்கையாகப் பார்த்தார். கோயில் பூசாரியின் துண்டு இருந்தது, ரெஜினாவின் கைக்குட்டை இருந்தது, ஆலைக் கணக்குப்பிள்ளையின் குடை இருந்தது. மறுபடி முதலிலிருந்து பார்த்தார். அவருடையது இல்லை.

கூட்டம் கலைந்தது. டாக்டர் யார்டு இருந்த வெற்றுப் பலகையைப் பார்த்தபடி மேசையைச் சுற்றி வந்தார், சன்னலுக்குப் போனார், திரும்பி வந்தார், மறுபடி சுற்றினார். அரசி கதவருகே நின்று அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மத்தியானம் என்னங்க சாப்பிட்டீங்க?"

"ரெஜினா ரெண்டு இட்லி குடுத்துச்சு."

"எங்க உக்காந்து சாப்பிட்டீங்க?"

"உக்கார எங்க நேரம்? நின்னுட்டேதான்."

"காலைல காப்பி?"

டாக்டர் யோசித்தார். "அதுவும் நின்னுட்டுத்தான்."

"இப்ப உக்காருங்க பாக்கலாம்."

ஸ்டூலை இழுத்துப் போட்டு டாக்டர் உட்கார்ந்தார். உட்கார்ந்த வேகத்தில் நெஞ்சுக்குள் எங்கோ தூரத்தில் ஒன்று ஊதியது, எழுந்துவிட்டார். அரசி சிரித்தார். அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை காலமாயிற்று என்று அவருக்குக் கணக்குத் தெரியவில்லை.

"ஆனா என்ற துண்டு உள்ள இல்லியே அரசி! ஒவ்வொரு சீட்டாப் பாத்தேன்."

அரசி அவர் கண்ணிலிருந்து கண்ணாடியைக் கழற்றித் தன் கண்ணில் மாட்டிக்கொண்டு, நீளப் பெட்டியைத் தொடாமல், பழைய குட்டைப் பெட்டியின் கூரையைத் தூக்கினார். முன்பதிவில்லாத பெட்டியில் இருக்கைகளை மட்டும் எண்ணுகிறவர் அதில் போகாதவர். அரசியின் கைக்குட்டைக்கு நேர் மேலே, சாமான் வைக்கும் கம்பிப் பலகையில், நோயாளிகளின் கழுத்தில் கட்டும் இளம்பச்சைத் துணி ஒன்று, மூலையில் கிளினிக்கின் சலவைக்குறியோடு, நாலாக மடித்துப் போடப்பட்டிருந்தது.

"அங்க ஏறி எப்படிப் போறது?" என்றார் டாக்டர்.

"காலைத் தொங்கப் போடாமப் போகோணும்ங்க," என்றார் அரசி. "நான் நர்மதையைப் பாப்பேன்."

பள்ளி லீவு தொடங்கிய திங்கட்கிழமை பல்வலியோடு வந்த அர்த்தனாரி, கிளினிக்கின் பூட்டைப் பார்த்துவிட்டு, வேறு பல் டாக்டரைத் தேடிச் சத்தியமங்கலம் பஸ்ஸில் ஏறி, காலியான இருக்கைகளுக்கு நடுவே, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடி போனார்.